ஜாகீரும் பட்டாவும்: கல்வராயன் மலையின் நில வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது, என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வந்தார். கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் கையில் இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று இருந்தது. கல்வராயன் மலையில் மலையாளிக் குடியானவர் ஒருவரிடம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்க முன்பணம் கொடுத்திருந்தார். இடையில் நின்ற தரகர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது. சர்வே எண் இல்லை. பட்டா எண்ணும் இல்லை. ஜாகீர் காலந்தொட்டு அனுபோகத்தில் இருந்துவரும் நிலம் என்று மட்டும் இருந்தது.

“ஹஜ்ரத், இது ஷரீஅத்படி கூடுமா?” என்று கேட்டார். சட்டப்படி கூடுமா என்று கேட்கவில்லை. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று எண்ணியிருக்கலாம். நான் உடனே விடை கூறவில்லை. ‘ஜாகீர்’ என்னும் அந்த ஒரு சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது. அச்சொல்லின் வரலாறு தெரியாமல் அந்தத் தாளுக்கு விடை சொல்ல முடியாது என்று தோன்றியது. அன்று தொடங்கிய தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், உயரம் மிகுந்த தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். கோமுகி, மணிமுத்தா ஆறுகள் இங்கே ஊற்றெடுத்துச் சமவெளிக்கு இறங்குகின்றன. மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தையும் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சியையும் சார்ந்தவை. நெடுங்காலம் தென்னார்க்காட்டிலும், 1993க்குப் பின் விழுப்புரத்திலும் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சி, 2019இல் தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்குத் தனி வட்டமும் அமைந்தது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுவர். கடுக்காயும் தேனும் புளியும் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும். நம் சமுதாய வணிகர் பலரின் மூதாதையர்க்கு அம்மலை மக்களோடு ஏற்பட்ட அறிமுகமும் இந்தக் கடுக்காய் மூட்டையின் வழியே வந்ததுதான்.

இம்மலை ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகியோர் பெயரால் மூன்று. சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு. மலையை விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் வழங்கினார் என்பது ஜாகீர்தார்கள் தரப்பில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவருவது. கிருஷ்ணதேவராயரின் ஆட்சி 1509 முதல் 1529 வரை. அவ்வாறு ஒரு கொடை நிகழ்ந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. எனினும் ‘ஜாகீர்’ என்னும் சொல் விஜயநகரத்துச் சொல் அன்று. அங்கே படைத்தலைவர்க்கு விடப்பட்ட நிலத்தை அமரம், நாயக்கத்தனம் என்றே அழைத்தனர். ‘ஜாய்’ என்றால் இடம், ‘கீர்’ என்றால் பற்றியிருப்பவர், இரண்டும் பாரசீகம். முகலாய நிர்வாகத்தில் நிலைபெற்ற இச்சொல், செஞ்சி 1698இல் ஸுல்ஃபிகார் கான் கைவசமாகி, பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி தழைத்தபோது இவ்வட்டாரத்தில் ஊன்றியிருக்க வேண்டும். மலைத்தலைவர் பழையவராக இருக்கலாம். அவர் மேல் போர்த்திய பெயர் நவாபுக் காலத்தின் சால்வை என்பது என் கருத்து.

இங்குச் சற்று நிற்பது தகும். நம் நாட்டு வருவாய்த்துறையின் சொற்களில் பாதி மத்ரஸா மாணவருக்குப் பழக்கமானவை. தாலுகா என்பது ‘தஅல்லுக்’. ஜில்லா என்பது ‘ளில்உ’. பிர்கா என்பது ‘ஃபிர்கா’. தாசில் ‘தஹ்ஸீல்’, வசூல் ‘வுஸூல்’, கிஸ்தி ‘கிஸ்த்’, ஜப்தி ‘ளப்த்’, மகஜர் ‘மஹ்ளர்’, வாரிசு ‘வாரிஸ்’, மிராசு ‘மீராஸ்’, இனாம் ‘இன்ஆம்’. கிராமக் கணக்கில் இன்றும் எழுதப்படும் பசலி ஆண்டு, அறுவடையைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ என்பதிலிருந்து வந்தது. ஜூலை முதல் நாள் பிறக்கும் அவ்வாண்டு, 2024இல் 1434 ஆயிற்று. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியும் ‘ஜம்உ’ என்னும் அரபு மூலத்தைத் தன்னுள் கொண்டதே. ஆயினும் நம்மவர் பலர் இச்சொற்களைக் கண்டு பெருமிதப்படுவதோடு நின்றுவிடுகின்றனர். அவை எந்த உரிமையைக் குறித்தன, எந்த உரிமையைக் குறிக்கவில்லை என்று ஆராய்ந்தோர் குறைவு.

ஜாகீருக்கு மூத்தது ‘இக்தாஃ’. ஆட்சியாளர் நிலத்தையோ அதன் வருவாயையோ ஒருவருக்கு ஒதுக்கித் தருவது அது. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் இதை இரண்டாகப் பிரிக்கிறார்: உடைமையாக்கும் இக்தாஃ ஒன்று, வருவாயை மட்டும் நுகரவிடும் இக்தாஃ மற்றொன்று. பயிரிடுவோர் இல்லாத தரிசை ஒருவருக்கு வழங்கினால் அது முதல் வகை. குடிகள் உழுதுகொண்டிருக்கும் நிலத்தின் வரியை ஒருவர் பெற்றுக்கொள்ளட்டும் என்று விட்டால் அது இரண்டாம் வகை. பின்னதில் நிலம் அவருடையதாகாது. ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க், இக்தாஃ பெற்றவருக்குக் குடிகளிடம் உரிய வரியைத் தவிர வேறெதிலும் உரிமை இல்லை என்பதைத் தம் அரசியல் நூலில் வற்புறுத்தினார். முகலாயரின் ஜாகீர் இந்த இரண்டாம் வகையின் வழித்தோன்றல். அதனால்தான் ஜாகீர்தாரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு மாற்ற முடிந்தது. நிலத்தின் உடைமையாளரை அவ்வாறு மாற்ற இயலுமா?

வழங்கியதைத் திரும்பப் பெறுவதற்கும் நம் மரபில் முன்மாதிரி உண்டு. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களுக்கு மஃரிபின் உப்பளத்தை நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்று எல்லாருக்கும் எட்டும் வளம் என்று அவையில் ஒருவர் எடுத்துரைத்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு அகீக் பள்ளத்தாக்கை அளித்திருந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் அவரை அழைத்து, அவரால் பயிரிட முடிந்த அளவை மட்டும் வைத்துக்கொள்ளச் செய்து எஞ்சியதை மக்களுக்குப் பங்கிட்டார்கள். கொடுத்தவர் அல்லாஹ்வின் தூதர். பெற்றவர் நபித்தோழர். அந்தக் கொடைக்கே இந்த வரம்பு என்றால், ஓர் அரசர் ஒரு தலைவருக்கு ஒரு மலையையே விட்டதாகச் சொல்லப்படும் கொடைக்கு வரம்பு எவ்வளவு என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

கல்வராயன் மலையில் நடந்தது இதற்கு மாறானது. வரி பெறும் உரிமை காலப்போக்கில் நிலத்தின் உடைமையைப் போலவே நடத்தப்பட்டது. குடியானவர் ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று ஜாகீர்தாருக்குச் செலுத்தினார். ஏர் பூட்டும் காடு வேறு, சரிவில் கொத்திப் பயிரிடும் காடு வேறு. இவற்றோடு கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மலையின் முதியோர் இன்றும் சொல்வர். செலுத்தியதற்குச் சீட்டு இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுதும் எவர் பெயரும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மலையின் பெயர் ஏறியிருந்தது. ஜாகீர்தார் பெயர் ஏறியிருந்தது. உழுதவர் பெயர் மட்டும் இல்லை.

இதிலுள்ள முரண் வியப்பானது. இந்திய உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் பட்டா எழுதும் முறை பிறந்ததே இம்மலைக்கு அண்டையில்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. அவற்றை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. இடைத்தரகர் இல்லாமல் அரசு குடியானவரோடு நேரே கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையை அவர்கள் அங்கே உருவாக்கினர். ‘ரயத்து’ என்பதும் நமது ‘ரஇய்யத்’ என்னும் சொல்லே. மேய்ப்பவரின் பொறுப்பில் உள்ளோர் என்பது அதன் பொருள். சேலம் சமவெளியில் 1802க்குப் பின் மிட்டாக்கள் ஏற்படுத்தப்பட்டு இம்முறை தடைப்பட்டாலும், 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானதும் மாகாணத்தின் பொது முறையாக அது நிலைபெற்றது. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போனபோது தென்னார்க்காடும் அதன்கீழ் வந்தது. மலையின் மேற்கிலும் கிழக்கிலும் அடிவாரம்வரை நிலம் அளக்கப்பட்டது. ஆனால் ஜாகீர் என்று எழுதியிருந்த எல்லைக்குள் அளவுச் சங்கிலி ஏறவில்லை. ஐம்பது கல் தொலைவிலுள்ள உழவர் பட்டா பெற்று ஒரு நூற்றாண்டு ஆனபின்னும் மலையுழவர் ஜாகீர்தாரின் வாய்ச்சொல்லையே நம்பியிருந்தார்.

ஸவாது நிலத்தைப் பற்றி நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இராக்கின் அந்த வளநிலத்தைப் போர்வீரர்க்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று நபித்தோழர் சிலர் வலியுறுத்தியபோது, உமர் (ரலி) அவர்கள் மறுத்து, அதை உழுதுவந்த பழைய குடிகளிடமே விட்டுக் கராஜ் விதித்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நிலத்தை அளக்க உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களும் ஹுதைஃபா (ரலி) அவர்களும் அனுப்பப்பட்டார்கள். அளந்து வந்த இருவரிடமும், நிலம் தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று கலீஃபா கவலையோடு வினவிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பிற்காலத்தில் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்), ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், வரி வசூலை மொத்தமாகக் குத்தகைக்கு விடுவதைக் கண்டித்தார். குத்தகையாளர் தம் ஆதாயத்துக்காகக் குடிகளைக் கசக்குவார் என்பதே அவர் கூறிய காரணம். கல்வராயன் மலை அவருக்குத் தெரியாது. காரணம் அங்கேயும் பொருந்திற்று.

நாடு விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம் சென்னை மாகாண ஜமீன்களை ஒழித்து அவற்றை ரயத்துவாரியாக மாற்ற வழி வகுத்தது. இனாம் எஸ்டேட்டுகளுக்கு மற்றொரு சட்டம் 1963இல் வந்தது. அதன் எண்ணும் 26 ஆனது தற்செயல். சட்டம் கோட்டையில் இயற்றப்பட்டு மலையேறுவதற்குக் காலம் பிடித்தது. ஜாகீர்களின் ஆளுகை முடிந்து மலை அரசின் நேரடி வருவாய் நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். முதற்சட்டத்துக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

இதைக் கொண்டு, கல்வராயன் மலை 1976வரை இந்தியாவிலேயே சேரவில்லை என்று எழுதுவோரும் பேசுவோரும் உளர். கேட்கச் சுவையானது, ஆனால் சரியன்று. 1792இலும் 1801இலும் இருபுறத்து மாவட்டங்களும் கம்பெனியிடம் போனபோதே மலையும் சென்னை மாகாணத்தின் எல்லைக்குள் இருந்தது. மாவட்ட விவரச் சுவடிகள் அதை விரிவாகவே எழுதின. அரசமைப்பின்படி வெளியான பழங்குடியினர் பட்டியலில், சேலம், தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களின் பெயரைக் குறிப்பிட்டே மலையாளிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவுக்கு வெளியே இருந்தவரை இந்திய அரசின் பட்டியலில் சேர்ப்பது எங்ஙனம்? மலை இந்தியாவில்தான் இருந்தது. இந்தியாவின் பட்டாதான் மலையில் இல்லை. இணைப்புக் கதையைப் பரப்புவோர், தாமறியாமலே, 1947 முதல் 1976வரை அங்கே நடந்தவற்றுக்கு அரசைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றனர்.

ஜாகீர் போனபின் குடியானவர் முன்னால் நின்றவை இரண்டு துறைகள்: வருவாய்த்துறை ஒன்று, வனத்துறை மற்றொன்று. நிலம் எதன் கணக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய நிலைமை அமைந்தது. வருவாய்க் கணக்கில் விழுந்து பட்டா கிடைத்தால் அவர் உடைமையாளர். வனக் கணக்கில் விழுந்தால், பாட்டன் போட்ட கல்வரப்புக்குள் நின்றுகொண்டே அவர் ஆக்கிரமிப்பாளர். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் முதற்கொண்டு இதே கதைதான். ஒரே சரிவில் அண்ணன் நிலம் பட்டா, தம்பி நிலம் காடு என்பது மலைக்கிராமங்களில் புதுமையன்று.

காட்டைக் காக்கும் அரசின் கடமையை நான் மறுக்கவில்லை. ‘ஹிமா’ என்னும் காப்பு நிலம் நம் வரலாற்றிலும் உண்டு. ஆனால் உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலர் ஹுனைய் என்பவருக்கு இட்ட கட்டளையை நோக்க வேண்டும். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் உடைய எளியோரை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்ஃபான் போன்ற செல்வர்களின் மந்தைகளை விலக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மாண்டால் அவருக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு, எளியவருக்கு ஏது? அதோடு நிற்கவில்லை. தாம் அநீதி இழைத்துவிட்டதாக அம்மக்கள் கருதக்கூடும் என்றும், அது அவர்களுடைய நாடு, அதற்காக அறியாமைக் காலத்திலேயே போராடியவர்கள் அவர்கள் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆட்சியாளரின் கட்டளைக்குள்ளேயே குடிகளின் மனக்குறை பதிவாகியிருப்பது அரிது.

இதற்கு நெருங்கிய ஒப்புதல் இந்தியச் சட்டத்தில் 2006இல்தான் வந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்பதைத் தன் முகப்பிலேயே ஏற்றது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து வனநிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர்வரை உரிமை; முதல் விசாரணை கிராம சபையில்; கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம்; விசாரணை முடியும்வரை வெளியேற்றக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பத்திரம் வழங்குவது நின்றுபோயிற்று. உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது 2016இல். சட்டம் உயிரோடிருந்தும் எட்டாண்டுகள் அதன் பயன் மக்களைச் சேரவில்லை. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படாததால் அந்தப் பாதுகாப்பும் இம்மலைக்குக் கிட்டவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின்போது நாளிதழ்கள் கல்வராயன் மலையைச் சாராய ஊறல் கிடைக்கும் இடமாக மட்டுமே காட்டின. அதன்பின் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம் முதலியன பற்றி அரசை வினவியது. சாராயம் காய்ச்சுவதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த நமக்கு இடமில்லை. எனினும் தன் நிலத்தின்மேல் வங்கிக் கடன் பெற ஒரு தாள்கூட இல்லாத உழவர் எந்தக் கையிடம் கடன் வாங்குவார், அந்தக் கை அவரிடம் என்ன வேலை கேட்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மாணவரின் வினாவுக்கு வருகிறேன். இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்னும் கருத்துடைய நபிமொழி அபூ தாவூத், திர்மிதி முதலிய தொகுப்புகளில் உள்ளது. இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. அவருடைய மாணவர் இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அனுமதி வேண்டியதில்லை என்றனர். இவ்வுரிமை முஸ்லிமுக்கு மட்டுமா என்ற ஐயம் எழலாம். முஸ்லிம் ஆட்சியில் வாழும் பிற சமயத்தவரும் முஸ்லிமைப் போலவே இதனால் உடைமை பெறுவார் என்று ஹனஃபி நூலான ‘ஹிதாயா’ கூறுகிறது. வேலி மட்டும் போட்டுவிட்டுப் பயிரிடாதவரின் உரிமை மூன்றாண்டில் போய்விடும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இந்திய நிலத்தை இந்தியச் சட்டமே ஆளும். ஃபிக்ஹு நூலைக் காட்டி எவரும் பட்டா கேட்க முடியாது. ஆயினும் கொடுக்கல் வாங்கலில் ஒரு முஸ்லிமின் மனச்சான்றை ஆள்வது அந்நூலே. அதன்படி பார்த்தால், அந்நிலத்தில் முதன்மையான உரிமை ஜாகீர்தாருக்கும் இல்லை, தரகருக்கும் இல்லை. காட்டைத் திருத்திய குடியானவருக்கே உண்டு.

அப்படியானால் அவரிடமிருந்து வாங்கலாமே என்று மாணவர் சொன்னார். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது; நன்றாகவே நிற்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால்தான் விற்க முடியும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். முத்திரைத்தாள் ஒப்பந்தம் உடைமையை மாற்றாது. அதிகாரப் பத்திரத்தின் மூலம் விற்பதும் விற்பனை ஆகாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பட்டாவே இருந்தாலும் அது வரிக்கணக்கின் சான்றே. உடைமைக்கு மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்க வேண்டும். நிலம் வனக்கணக்கில் இருந்து, வன உரிமைச் சட்டப்படி அக்குடும்பத்துக்கு நாளை பத்திரம் கிடைத்தாலும், அவ்வுரிமை பிள்ளைகளுக்குச் செல்லுமேயன்றி விற்கவோ மாற்றவோ இயலாது என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு விதித்திருக்கிறது. எனவே அந்தத் தாளால் வாங்குபவருக்கு நிலம் வராது. விற்பவருக்கோ, நிலத்தை விட்டு இறங்கிய அன்றே, அனுபோகம் என்னும் ஒரே சான்றும் போய்விடும். இருவரும் இழப்பர், இடையில் நின்றவர் தம் கழிவைப் பெற்றுக்கொண்டு போவார்.

கைவசம் இல்லாததை விற்பதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை அவரே என்னிடம் பாடம் ஓதியவர். சாண் அளவு நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமி கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையும் அவருக்குத் தெரியும். மௌனமாக இருந்தார். பிறகு, “விற்கிறவர் மனமொப்பித்தானே விற்கிறார், ஹஜ்ரத்?” என்றார். நல்ல கேள்வி. மகளின் மருத்துவச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டதால் அந்த முதியவர் விற்க முன்வந்தார் என்பது விசாரித்ததில் தெரிந்தது. நெருக்கடியில் இருப்பவரின் இசைவை எவ்வளவுக்கு இசைவாகக் கொள்வது என்பதில் நம் ஃபுகஹாக்கள் கொண்ட தயக்கத்தை அவருக்கு நினைவூட்டினேன்.

மற்றொன்றும் சொன்னேன், அது நம் சமுதாயத்தைத் தொடுவது. ஆவணம் இல்லாமல், நெடுங்காலப் பயன்பாட்டாலேயே வக்ஃபாக நிலைபெற்ற பள்ளிவாசல்களும் கபருஸ்தான்களும் நம்மிடம் எத்தனையோ உள்ளன. ‘பயன்பாட்டால் வக்ஃப்’ என்னும் அந்த வகையை 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம் இனிமேலைக்கு நீக்கிவிட்டபோது, நூறாண்டு தொழுத இடத்துக்குத் தாள் எங்கே என்று கேட்பது நியாயமா என்று நாம் அனைவரும் வாதிட்டோம். நூறாண்டு உழுத நிலத்துக்குத் தாள் எங்கே என்று மலையுழவரைக் கேட்பவர்களின் வரிசையில், முன்பணத்தோடு நாமும் போய் நிற்கலாமா?

அவர் விடைபெற்றுச் சென்றார். முன்பணம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து, ஜும்ஆவுக்குப் பின், அந்த முதியவரையே உடன் அழைத்துக்கொண்டு வந்தார். பணத்தைக் கர்ளாக, தவணை குறிக்காத கைமாற்றாக, மாற்றிக்கொண்டார்களாம். கிராம சபைக்கு வன உரிமை மனு எழுத வேண்டும் என்றார்கள். சான்றாக என்னென்ன காட்டலாம் என்று அச்சட்டத்தின் விதிகளைப் புரட்டினோம். தாள் ஒன்றுதான் சான்று என்று விதி சொல்லவில்லை: நிலத்தைச் சமன்படுத்தியது, வரப்பு, தடுப்பணை, கிணறு, வீடு, முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட இடம், மனுதாரர் அல்லாத ஊர் முதியோர் சொல்லி எழுதிய வாக்குமூலம் ஆகியவையும் சான்றே. முதியவர் விரல்விட்டு எண்ணினார். அவருடைய பாட்டன் அடுக்கிய கல்வரப்பு மூன்று. தகப்பன் வைத்த புளியமரம் நான்கு. மேட்டில் குடும்பத்தாரின் புதைகுழிகள். மாணவர் எழுதிக்கொண்டே வந்தார்.